பழைய வண்டிக்கு மின் மோட்டார்: கணக்குப் பார்த்துக் கை வையுங்கள்

கடைக் கணக்கில் சில்லறைச் செலவு என்று ஒரு பத்தி உண்டு. தேநீர், சுமைக் கூலி, சணல், பொட்டலக் காகிதம் என்று வளரும் அந்தப் பத்தியை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பல கடைகளில் பெட்ரோல்தான் முதலிடத்தில் நிற்கும். மண்டிக்குப் போய் வர, வீடுகளுக்குச் சரக்குக் கொடுக்க, நிலுவை வசூலிக்க, வங்கியில் பணம் கட்ட என்று சிறு வணிகரின் இரு சக்கர வண்டி காலை முதல் இரவு வரை ஓடுகிறது.

1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பிறகு மளிகைக் கடையும் மொபெட்டும் பிரிக்க முடியாதவை ஆயின. அரிசி மூட்டையை முன்னால் நிறுத்தி, எண்ணெய் டின்னைப் பின்னால் கட்டி, இரு பக்கமும் பை தொங்கவிட்டு ஓட்டும் காட்சியைக் காணாத கடைவீதி தமிழ்நாட்டில் இல்லை. அதே ஓசூரிலிருந்து 2020 முதல் மின்சார ஸ்கூட்டரும் வருகிறது. காலம் அப்படி மாறியிருக்கிறது.

புது மின் வண்டி வாங்க ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் வேண்டும். வீட்டிலோ நல்ல சேஸிஸும் சக்கரமும் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கிறது. இதற்கே மின் மோட்டார் பொருத்திவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். பொருத்த முடியும். ஆனால் பொருத்துவது வேறு, அதை நம்பிச் சாலையில் சரக்கு ஏற்றி ஓட்டுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வணிகர் கவனிக்க வேண்டியவை பல உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்னென்ன மாறுகின்றன?

பெட்ரோல் வண்டியை மின் வண்டியாக்கும்போது எஞ்சின், கார்புரேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்கின் உள்பயன் ஆகியவை போய்விடும். அவற்றின் இடத்தில் ஐந்து உறுப்புகள் வரும்.

முதலாவது மோட்டார். இதில் இரு வகை உண்டு. பின் சக்கரத்தின் நடுவிலேயே அமைந்திருப்பது ஹப் மோட்டார். எஞ்சின் இருந்த இடத்தில் உட்கார்ந்து செயின் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுவது இன்னொரு வகை. ஹப் மோட்டாரில் செயின் இல்லை, கியர் இல்லை, பராமரிப்பு குறைவு. ஆனால் எடை முழுவதும் பின் சக்கரத்தில் விழும். பாரத்தோடு மேட்டில் மெதுவாக ஏறும்போது சீக்கிரம் சூடேறும். செயின் வகையில் பற்சக்கரத்தை மாற்றி இழுவையைக் கூட்டிக்கொள்ளலாம். சமவெளி ஊர்க் கடைகளுக்கு முதல் வகை போதும். மலையோர ஊர்க்காரர்கள் இரண்டாம் வகையை யோசிப்பது நல்லது.

இரண்டாவது கன்ட்ரோலர். ஆக்சிலேட்டரைத் திருகும் அளவுக்கேற்ப பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி இது. கடையில் தராசு எப்படியோ, மின் வண்டியில் கன்ட்ரோலர் அப்படி.

மூன்றாவது பேட்டரி. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகும்.

நான்காவது பி.எம்.எஸ். எனப்படும் பேட்டரிக் காவலன். பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு செல்லும் அளவுக்கு மீறி நிரம்பாமலும், அளவுக்கு மீறி வற்றாமலும், சூடேறாமலும் பார்த்துக்கொள்வது இதன் வேலை. இது இல்லாத லித்தியம் பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஐந்தாவது சார்ஜரும் சிறு துணைக் கருவிகளும். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் ஆகியவை 12 வோல்ட்டில் இயங்குபவை. பேட்டரி 72 வோல்ட் என்றால் அதை 12 வோல்ட்டாகக் குறைக்க ஒரு மாற்றி வேண்டும். பிரேக் பிடித்த உடனே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

பேட்டரியில் ஏமாறாதீர்கள்

பேட்டரியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், எத்தனை யூனிட் மின்சாரம் கொள்ளும் என்று தெரிந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். 24 செல்களை வரிசையாக இணைத்தால் 76.8 வோல்ட். ஒவ்வொன்றும் 40 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் ஏறத்தாழ 3 யூனிட்.

பாரத்தோடு ஓடும் இரு சக்கர வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி என்று வைத்துக்கொண்டு, பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினால் 60 கி.மீ. ஓடும். விற்பவர் நூறு, நூற்றைம்பது என்று சொல்லலாம். அது ஒரே ஆள், சம சாலை, சீரான வேகம் என்ற நிலையில் கிடைக்கும் கணக்கு. நமக்கு வேண்டியது மூட்டையோடு ஓடும் கணக்கு.

பழைய ஈய அமில பேட்டரி மலிவாகக் கிடைக்குமே என்று சிலர் நினைக்கலாம். 72 வோல்ட்டுக்கு ஆறு பேட்டரி வேண்டும். மின் வண்டிக்குரியது ஒன்று ஏறத்தாழ 10 கிலோ என்றால் ஆறும் சேர்ந்து 60 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டையை எப்போதும் சுமந்துகொண்டே ஓடுவது போன்றது இது. தினமும் ஆழமாக வற்றவிட்டு ஏற்றினால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஓய்ந்துவிடும். அதே கொள்ளளவுக்கு லித்தியம் பேட்டரி 30 கிலோ அளவில் அடங்கும், பல ஆண்டு உழைக்கும். மலிவு எது என்பது வாங்கும் அன்றைக்குத் தெரியாது, மூன்றாம் ஆண்டு தெரியும்.

பழைய பேட்டரிகளிலிருந்து கழற்றிய செல்களை ஒட்டிக் கட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். தேதியும் தயாரிப்பாளர் பெயரும் ரசீதும் இல்லாத பேட்டரி, முத்திரையிடாத எடைக்கல்லைப் போன்றது. அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

வேலை நடக்கும் விதம்

எஞ்சினைக் கழற்றுமுன் சேஸிஸைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சேஸிஸ் குழாய்கள் எஞ்சினுக்குக் கீழேயும் சுற்றி வந்து தொட்டில் போலத் தாங்கும். இவற்றில் எஞ்சினை எடுத்தாலும் சட்டம் உறுதியாக நிற்கும். வேறு சில வண்டிகளில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து முன்பாதியையும் பின்பாதியையும் பிணைக்கிறது. அதில் எஞ்சினை எடுத்துவிட்டு வெறுமனே பேட்டரிப் பெட்டியைத் தொங்கவிட்டால் சட்டம் வளையும், விரியும். உரிய பட்டைகள் கொடுத்து வலுப்படுத்தாமல் ஓட்டக் கூடாது.

ஹப் மோட்டாரில் கவனிக்க வேண்டிய இடம் அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். சாதாரண நட்டு மட்டும் இருந்தால் நாளடைவில் தளர்ந்து அச்சு சுழன்றுவிடும். அதன் வழியே வரும் மின்கம்பிகள் முறுக்கி அறுந்துவிடும். இதைத் தடுக்க அச்சைப் பிடித்துச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கை ஒன்று இருபுறமும் பொருத்த வேண்டும். பட்டறையில் ஒரு மணி நேர வேலைதான். அது இல்லாவிட்டால் நடுச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

72 வோல்ட் என்பது வீட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதானே என்று அலட்சியம் வேண்டாம். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் ஆபத்தானது. ஈரக் கையோடு தொட்டால் உயிருக்கே உலை வைக்கும். இரண்டு முனைகளும் ஒரு ஸ்பானரால் தொட்டுக்கொண்டால் ஸ்பானரே உருகும். பேட்டரியின் நேர் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பயன்படும் சாதாரண எம்.சி.பி. இதற்கு ஆகாது. நேர்மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 2 கிலோவாட் மோட்டார் சாதாரணமாக 28 ஆம்பியரும், கிளம்பும்போதும் மேட்டிலும் அதைப் போல இரு மடங்கும் இழுக்கும். மெல்லிய கம்பி போட்டால் சூடேறி உறை உருகும்.

ஐம்பது பைசாவா, இரண்டரை ரூபாயா?

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்றும், பழைய வண்டி பாரத்தோடு லிட்டருக்கு 40 கி.மீ. கொடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ரூ.2.50 ஆகிறது. மின் வண்டியில் 60 கி.மீ. ஓட, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 3 யூனிட் செலவாகும். யூனிட் ரூ.10 என்று கூட்டியே போட்டாலும் ரூ.30. அதாவது கிலோமீட்டருக்கு 50 பைசா. மிச்சம் கிலோமீட்டருக்கு ரூ.2.

மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, வரி, பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து ரூ.95,000 ஆகிறது என்று கொள்வோம். தானேயைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2021ல் ஹீரோ ஸ்ப்ளெண்டர் வண்டிக்கான அங்கீகரிக்கப்பட்ட கிட்டுக்கு ரூ.35,000 விலை வைத்தது. பேட்டரியும் வரியும் அதற்கு வெளியே. ஆகவே இந்த மதிப்பீடு மிகையன்று. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று மூன்று வகை வணிகர்களை எடுத்துக்கொள்வோம்.

கடைக்கும் வீட்டுக்குமாக நாளுக்கு 10 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் ரூ.6,000. முதல் திரும்ப ஏறத்தாழ 16 ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரியே வயதாகிவிடும். இவருக்கு இது நட்டம்.

மண்டிக்கும் வாடிக்கையாளர் வீடுகளுக்குமாக 30 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் ரூ.18,000. ஐந்தேகால் ஆண்டில் முதல் திரும்பும். இவர் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஊர் ஊராகக் கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியின் ஆள் நாளுக்கு 60 கி.மீ. ஓட்டினால் ஆண்டு மிச்சம் ரூ.36,000. இரண்டே முக்கால் ஆண்டுக்குள் முதல் வந்துவிடும். இவருக்கு லாபம்.

எஞ்சின் ஆயில், பிளக், கிளட்ச் செலவு இல்லாதது தனி ஆதாயம். கடன் வாங்கிச் செய்பவர் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம் வண்டியின் ஓட்டத்தை ஒரு மாதம் தினமும் குறித்து வைத்து, இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் கவனம் தவறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988ன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மாற்றியமைக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. பெட்ரோல் வண்டியை மின் வண்டியாக்கும் கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிலை இருக்கிறது. கிட் தயாரிப்பாளர் அரசு ஏற்ற சோதனை நிலையத்தில், குறிப்பிட்ட வண்டி மாதிரிக்கு அதைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். புனே, மானேசர் போன்ற இடங்களிலும், நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. சான்று பெற்ற கிட்டை அந்தத் தயாரிப்பாளர் அங்கீகரித்த பட்டறையில் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றி எழுதி வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து பாலிசியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆக, தனி ஒருவர் வீட்டுக் கொல்லையில் தாமே சேர்த்துக் கட்டிய வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பொதுச் சாலைக்கு உரியதன்று. ஒரே வண்டிக்காகத் தனி மனிதர் சோதனைச் செலவு செய்து சான்று பெறுவது கட்டுப்படியாகாது. கிடங்கு வளாகம், அரிசி ஆலை, தோட்டம் போன்ற சொந்த எல்லைக்குள் மட்டும் மூட்டை நகர்த்த அப்படி ஒரு வண்டி பயன்படலாம். வேலை கற்றுக்கொள்ளவும் உதவும். வாசலைத் தாண்டக் கூடாது.

250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும், 25 கி.மீ.க்கு மேற்படாத வேகமும், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடையும் உள்ள மின் வண்டிக்குப் பதிவு வேண்டாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சலுகையும் சோதனை நிலையத்தின் சான்று பெற்ற வண்டிக்கே. ஏற்கெனவே எண் பெற்ற மோட்டார் சைக்கிளில் சிறிய மோட்டாரை மாட்டிவிட்டால் அது தானாக அந்த வகையில் வந்துவிடாது.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் விபத்து. அனுமதியின்றி மாற்றிய வண்டி யார் மீதாவது மோதினால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கவும், கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கவும் இடம் ஏற்படும். தனி உரிமையாளர் நடத்தும் கடையில் கடைச் சொத்து வேறு, சொந்தச் சொத்து வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ரூ.18,000 மிச்சம் பிடிக்கப் போய், கல்லாவும் சரக்கும் வீடும் ஈடாக நிற்கும் நிலை வரலாம். கடைப் பையன் ஓட்டிப் போன நேரத்தில் நடந்தாலும் பொறுப்பு முதலாளியைத் தேடித்தான் வரும்.

கடைக்குள் சார்ஜ் வேண்டாம்

2022 மார்ச் மாதம் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகு, மின் வண்டி பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலை கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்கும் பேட்டரிக்கு இந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் கடைகளின் அமைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரே ஒரு ஷட்டர். உள்ளே கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின், அட்டைப் பெட்டி, சாக்கு. மேலேயோ பின்னாலேயோ குடும்பம். அந்த ஷட்டர் ஓரத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டால், தீப்பிடிக்கும்போது வெளியேறும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

ஆகவே சில வழிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். வெளியில், மழை படாத, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். தனி 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். நீட்டிப்புக் கம்பி ஆகாது. ஓடி வந்த உடனே போடாமல் பேட்டரி ஆறும்வரை அரை மணி நேரமாவது பொறுங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் ஏற வேண்டாம். 10 ஆம்பியர் சார்ஜருக்கு நான்கு மணி நேரம் போதும். மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தையும் மாலையையும் இதற்குப் பயன்படுத்தலாம். பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சென்னை வணிகர்கள் 2015லும் 2023லும் கடைக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள். மழை எச்சரிக்கை வந்தால் சரக்கை மேலே ஏற்றுவது போல வண்டியையும் மேட்டில் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, மின் வண்டிக்குச் சத்தம் இல்லை. கடைவீதியில் முதுகைக் காட்டி நடப்பவருக்கு வண்டி வருவது தெரியாது. மூட்டையோடு போகும்போது ஹாரனைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

உங்கள் வண்டியின் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா? சொந்த உபயோக இரு சக்கர வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான வண்டிக்குச் செலவு செய்வது வாடகை முடிந்த கடைக்கு வர்ணம் அடிப்பது போல.

கிட்டுக்கு உங்கள் வண்டி மாதிரியின் பெயரிலேயே சான்று இருக்கிறதா? அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பொருத்துபவர் அங்கீகாரம் பெற்றவரா? ஆர்.சி. மாற்றத்துக்கு யார் பொறுப்பு? பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அது எழுத்தில் இருக்கிறதா? பழுதானால் உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா? இவற்றுக்கு ஜி.எஸ்.டி. ரசீதோடு பதில் கிடைத்தால் மேலே பேசலாம். வாய்வார்த்தையாகக் கிடைத்தால் வந்த வழியே திரும்பிவிடுவது உத்தமம்.

இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காதவர்கள், அதே பணத்தில் உத்தரவாதத்தோடும் பதிவோடும் வரும் புது மின் வண்டியின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. பழைய வண்டியை விற்று வரும் தொகையை அதில் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் அதிகம் இராது.

கிட் பொருத்துவதே சரி என்று கணக்குச் சொன்னால், தனியாகப் போக வேண்டாம். ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஏழெட்டு உறுப்பினர்கள் சேர்ந்து விலை கேளுங்கள். மொத்தக் கொள்முதலில் விலை குறையும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஒரு வண்டிக்கு மட்டும் பொருத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் மூட்டையோடு ஓட்டிப் பாருங்கள். அந்த வண்டியின் தினசரி ஓட்டத்தையும் மின் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மற்றவர்கள் அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும்.